புல்லிக்கு வைத்த குங்குமம்

வாடிக்கையாளர் முகத்தைப் பார்த்துப் பேச எனக்கு இன்றும் கூச்சம்தான். ஐந்தாம் வகுப்போடு நின்றவன். ஆனால் என்ஜின் முன்னால் உட்கார்ந்துவிட்டால் தயக்கம் இருக்காது.

திருச்சி கே.கே. நகரில் உள்ள என் ஒர்க்‌ஷாப்புக்குச் சென்ற வருடம் ஸ்ரீரங்கத்திலிருந்து ஒரு டாக்சிக்காரர் தன் டீசல் காரை ஓட்டிவந்தார். நிற்கும்போதே ஸ்டியரிங் நடுங்கியது. முன்பக்கம் கடகடவென்று சத்தம். வேறோர் இடத்தில் என்ஜினையே கீழே இறக்கிப் பிரிக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்களாம்.

"அஞ்சு மணிக்கு புரோக்கர் வராருண்ணே. வித்துட்டு எங்கயாச்சும் சம்பளத்துக்கு ஓட்டப் போறேன். கடைசியா உங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுப் போலாம்னு..."

முன்சக்கரத்தைக் கழற்றி, என்ஜினிலிருந்து வெளியே நீளும் கிராங்க் தண்டின் முனையில் இருக்கும் டேம்பர் புல்லியைத் துடைத்தேன். நடுவில் இரும்பு, சுற்றி ஓர் இரும்பு வளையம், இடையில் ரப்பர். என்ஜினின் உதறலை வாங்கிக்கொள்வது அந்த ரப்பர்தான். நடுவிலிருந்து ஓரம்வரை சாக்பீஸால் ஒரு கோடு இழுத்தேன். சற்று நேரம் ஓடவிட்டு நிறுத்தினேன். கோடு இரண்டாகி, வெளித்துண்டு ஒரு விரல் அகலம் தள்ளி நின்றது.

"ரப்பர் விட்டுருச்சு. என்ஜின் நல்லாருக்கு."

"இறக்கணும்னாங்களே?"

"வேணாங்க."

அவர் புதுப் புல்லி வாங்கப் போனார். என்ஜின் சுழலாமலிருக்க நான் கியரில் போட்டு, பிரேக்கைக் கட்டை கொடுத்து அழுத்தி வைத்து, ஸ்பேனரில் நீளக் குழாயை மாட்டி போல்ட்டைத் தளர்த்தினேன். பழைய புல்லியை இழுத்தெடுக்கும் புல்லரை அதன் நடுவிலிருக்கும் துளைகளில்தான் மாட்ட வேண்டும். ஓரத்தைப் பிடித்து இழுத்தால் வளையம் மட்டும் கையோடு வரும்.

திரும்பி வந்தவர், தண்டைச் சுற்றி எண்ணெய் கசியாமல் தடுக்கும் ஆயில் சீலை நான் துடைப்பதற்குள், காரில் வைத்திருந்த தாயார் சன்னதிக் குங்குமத்தை எடுத்துப் புதுப் புல்லியின் பின்பக்கக் கழுத்தில் அழுத்திப் பூசிவிட்டார்.

"வெளிய வெச்சா அழிஞ்சிரும்ல, அதான் உள்ள வெச்சேன்."

அந்தக் கழுத்து சீலுக்குள் சுழல்வது. ஒரு துளி பொடி போதும், சீலைத் தின்றுவிடும். பிறகு எண்ணெய் ஒழுகும். நான் துணியை எடுத்தேன். அவர் முகம் வாடிவிட்டது.

"அண்ணே, தாயார் குங்குமம்ணே! துடைக்கிறீங்களே?"

"தாயாருக்கு உங்க மனசு தெரியும்ங்க. சீலுக்குத் தெரியாது."

எனக்கு இது நீளமான பேச்சு. அவர் சிரித்துவிட்டார். சுத்தமாகத் துடைத்து, மீதிக் குங்குமத்தைப் புல்லியின் முகப்பில் வைக்கச் சொன்னேன்.

கழுத்தில் எண்ணெய் தடவி, தண்டிலுள்ள சாவிக்கட்டை புல்லியின் காடியில் சரியாக உட்காரும்படி நுழைத்தேன். சுத்தியலைத் தொடவில்லை. போல்ட்டாலேயே கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே இழுத்து, கடைசியில் இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ஸ்பேனரால் முறுக்கினேன்.

பெல்ட்டையும் சக்கரத்தையும் மாட்டி ஸ்டார்ட் செய்தேன். சத்தம் இல்லை. அவர் ஸ்டியரிங் மேல் உள்ளங்கையை வைத்தார், எடுக்கவேயில்லை. அப்போதுதான் புரோக்கர் போன் செய்தார்.

"இல்லைங்க, விக்கல," என்றார் டாக்சிக்காரர். "நீங்க எங்கயாச்சும் போகணும்னா சொல்லுங்க, வண்டி ரெடியா இருக்கு."