றோட்டுக்கு முதுகு காட்டிய மாதா கோயில்

றக்வானைப் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டத்துக்கு வருகிறவர்கள் பஸ்ஸை விட்டு இறங்கியதும் மாதா கோயிலின் பின்சுவரைத்தான் பார்ப்பார்கள். "வாசல் எங்கங்க?" என்று கேட்காதவர் இல்லை. சுற்றிக்கொண்டு போகச் சொல்லிவிட்டுச் சிரிப்பை அடக்கிக்கொள்வேன்.

முன்பெல்லாம் பூசை நடந்தது தொழிலாளர் வரிசை வீடுகளில் ஒன்றான பழைய லயக் காம்பராவில். மழை பெய்தால் பாதரின் குரலைவிடத் தகரத்தின் சத்தம்தான் பெரிது. தோட்டத்தை நடத்தும் துரை பாதையோரம் ஒரு துண்டு நிலம் விட்டுக்கொடுத்ததும் தோட்டமே கோயில் கட்ட இறங்கியது. ஞாயிற்றுக்கிழமைகளில் பெண்கள் கொழுந்துச் சாக்கிலேயே ஆற்று மணல் சுமந்தார்கள். மாரியம்மனைக் கும்பிடும் சைவக்காரர்களும் வந்தார்கள். அவர்கள் திருவிழாவுக்கு நாங்கள் தோரணம் கட்டவில்லையா?

அம்மாவால் மட்டும் வர முடியவில்லை. மலையில் கொழுந்து பறிக்கும்போது வழுக்கி விழுந்து இடுப்பு போய்விட்டது. லயத்து இஸ்தோப்பில், அந்த முன் திண்ணையில், போட்ட கட்டில்தான் அவளுக்கு எல்லாம். கோயில் நிலம் ஓடைக்கு அந்தப் பக்கம், எங்களுக்கு நேர் எதிரே. கூப்பிட்டால் கேட்கும். போவதென்றால் சரிவில் இறங்கி ஏற வேண்டும். தூக்கினாலே வலியில் துடிப்பாள். புதுக் கோயிலில் ஒரு பூசையாவது பார்க்க வேண்டும் என்று அவள் சொல்லும்போதெல்லாம் எனக்குக் கோபம்தான் வரும். முடியாததை ஏன் கேட்கிறாள்?

வாசல் றோட்டைப் பார்த்து இருக்க வேண்டும் என்று பாதர் குச்சியால் மண்ணில் கோடு போட்டுக் காட்டிவிட்டுப் போனார். அன்றே மழை கோட்டை அழித்துவிட்டது. அத்திவாரம் வெட்டும் நாளில் கொத்து வேலைக்கு வந்த மேசன் பாஸ் கேட்டார்: "வாசல் எந்தப் பக்கம்?" அவர் அதுவரை கட்டியதெல்லாம் மாரியம்மன் கோயில்கள்.

"கெழக்கதான். இதுல என்ன கேள்வி?" என்றார் அப்பா. கூட்டமே தலையாட்டியது. கோயில் என்றால் கிழக்கு. பாதர் சொன்னது ஒரு மண்டையிலும் நிற்கவில்லை.

மண்சரிவில் பாதை அடைபட்டு, பாதர் திரும்பி வருவதற்குள் கூரையே ஏறி, பீடத்தில் மாதாவையும் வைத்தாகிவிட்டது. பின்சுவரைப் பார்த்து அவர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"இந்தச் செவுத்த ஒடைச்சு வாசல் வைங்க. அந்தப் பக்கத்த அடைச்சிருங்க."

பிறகு அவர் வழக்கம்போல அம்மாவுக்கு நற்கருணை கொடுக்க எங்கள் லயத்துக்கு வந்து, கட்டிலுக்கு எதிரே வாங்குப் பலகையில் உட்கார்ந்தார். அம்மா அவர் முகத்தைப் பார்க்கவே இல்லை.

"பாதர், கொஞ்சம் தள்ளி உக்காருங்க. மாதாவ மறைக்கிறீங்க."

அவர் திரும்பிப் பார்த்தார். ஓடைக்கு அந்தப் பக்கம் கோயிலின் திறந்த வாசல் வழியாகக் காலை வெயில் நேரே பீடத்தில் விழுந்திருந்தது. மாதாவின் நீலச் சேலைகூடத் தெரிந்தது. அவர் வாங்கை ஓரமாக இழுத்துப் போட்டுக்கொண்டார். போகும்போது பாஸிடம், "செவுத்துல கை வைக்காதீங்க" என்று மட்டும் சொன்னாராம்.

முதல் பூசையன்று நான் அம்மாவோடு இஸ்தோப்பில் இருந்தேன். கூட்டம் வாசலை அடைத்துக்கொண்டு நின்றது. ஸ்பீக்கரில் பாதரின் குரல் ஓடையைத் தாண்டி வந்தது.

"வாசல் நடுவுல நிக்காதீங்க. அங்க ஒரு அம்மா பாத்துக்கிட்டு இருக்காங்க."

அம்மா அவசரமாக முக்காடு போட்டுக்கொண்டாள். எனக்கு அழுகை பொங்கிவிட்டது.

இப்போது அம்மா இல்லை. ஆனாலும் எங்கள் கோயிலில் வாசல் நடுவில் யாரும் நிற்பதில்லை.