துரைக்குப் பக்கத்து இடம்

ஈரத்துணியால் தன் பெயரைத் துடைத்துக்கொண்டிருக்கிறார் தேவானந்தம். கருங்கல்லில் பொன்னெழுத்து. பிறந்த தேதி செதுக்கியாகிவிட்டது. இன்னொரு தேதிக்கு இடம் விட்டிருக்கிறது. ஆள் குத்துக்கல்லாட்டம் இருக்கிறார்.

ஆம்பூர் ஷூ கம்பெனியில் முப்பது வருடம் தோலைத் தடவித் தடவிக் குறை சொன்னவர். ஓய்வு பெற்றதும் பேரணாம்பட்டுத் தேவாலயத்தின் கல்லறைத் தோட்டத்துக்குச் செயலாளர். ஈஸ்டருக்குச் சுண்ணாம்பு அடிக்க வருகிறவர்களின் பின்னாலேயே போவார். "இன்னா பினிஷிங் இது? ரிஜெக்ட்!" என்று சாக்பீசால் பெருக்கல் குறி போடுவார். கல்லறையில் சிலுவைக்குப் பதில் பெருக்கல் குறி போடும் ஒரே கிறிஸ்தவர் இவர்தான்.

அவர் பாஸ் செய்த கல் ஒன்றே ஒன்று. நூறு வருடத்துக்கு முன் வேல்ஸ் தேசத்திலிருந்து வந்து, இங்கேயே காலராவில் போய்ச் சேர்ந்த துரையின் கல். அதில் அவர் ஊர் மொழியில் நான்கு வரி. "எங்க தாத்தாவப் பத்திதான் எழுதியிருக்குது. துரைக்கு சோறாக்கிப் போட்டவரு" என்பார். போதகருக்கும் அந்த மொழி தெரியாது. அதனால் தாத்தா பிழைத்தார்.

அந்தத் துரைக்குப் பக்கத்து இடத்தைத்தான் பிடித்துவைத்திருக்கிறார். சிக்கல், கமிட்டியில் மேசையைத் தட்டி அவரே கொண்டுவந்த விதி. குடும்பத்துக்கு ஒரே குழி. மூடினால் பதினைந்து வருடம் திறக்கக் கூடாது. அதற்குள் வீட்டில் இன்னொருவர் செத்தால் தோல் பதனிடும் ஷாப்புச் சாக்கடைக்குப் பின்னால் உள்ள புது இடம்தான்.

இதை முதலில் புரிந்துகொண்டவர் அவர் மனைவி பொன்மலர். சர்க்கரை, இதயக் கோளாறு இரண்டும் உள்ளவர். "நான் முந்திக்கினா உங்க கல்லப் புடுங்கிட்டு என்னத்தான் அங்க வெப்பாங்க. நீங்க சாக்கடைப் பக்கம் காத்து வாங்குங்க" என்கிறார் சிரித்தபடி.

போன மாதம் அந்த அம்மாளுக்கு மூச்சு வாங்கியதும் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வேலூருக்குப் பறந்தார். "ஆன்ட்டி மேல எவ்ளோ பாசம் அங்கிள்!" என்று உருகினாள் நர்ஸ் பிரிஸ்கில்லா. "எனக்கப்புறம் வரைக்கும் தாங்குமாம்மா?" என்று கேட்டார் இவர். பக்கத்து வீட்டுக்காரன் என்று கூடப் போயிருந்த எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சிரிப்பையும் அடக்க முடியவில்லை.

அவர்தான் முந்த வேண்டும். ஆனால் அவசரமும் இல்லை.

நேற்றுக் காலை அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். பொன்மலர் மாத்திரையை விழுங்கி, வாயைத் திறந்து காட்டும்வரை இவர் தண்ணீர்ச் செம்போடு நின்றார். பிறகு தன் பிரஷர் மாத்திரையை உள்ளங்கையில் வைத்துக் கொஞ்ச நேரம் பார்த்தார். நகத்தால் இரண்டாக உடைத்தார். பாதியை வாயில் போட்டுக்கொண்டு, மீதியைச் சட்டைப் பையில் பத்திரப்படுத்தினார்.