இரண்டு தட்டிலும் வாய் வைக்காத பூஞ்சை

ஆய்வுக்கூடமே 'நைட்ரேட் அக்கா' என்றழைக்கும் அந்த அம்மையார், முனைவர் பட்டத்துக்காக ஏழாண்டுகளாக ஒரு பூஞ்சையைப் பட்டினி போட்டுக்கொண்டிருந்தார். மரபணு ஒன்று பழுதான பூஞ்சை. அமோனியம் கொடுத்தால் வளர்ப்புத் தட்டு நிறையப் படரும். நைட்ரேட் மட்டும் கொடுத்தால் மூஞ்சியைத் திருப்பிக்கொள்ளும். அக்காவின் ஆய்வேடும், மாமியாரிடம் மிச்சமிருந்த மரியாதையும் அதை நம்பித்தான் இருந்தன.

எதிர் மேசையில் இன்னொரு ஆய்வு மாணவன், ஹைப்போ. அவனுடைய பூஞ்சைக்கு ஹைப்போசாந்தீன் என்ற வேறொரு சத்து ஆகாது. குளிர்பெட்டியின் மேல்தட்டு யாருக்கு என்ற மாபெரும் கொள்கைப் பிரச்சினையில் இருவருக்கும் பேச்சுவார்த்தை நின்றுபோயிருந்தது. ஆகவே, இவர் பூஞ்சைக்கு அவன் சாப்பாட்டை ஊட்டிப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை. அறிவியல் நாகரிகம் அப்படி.

ஒருநாள் அக்காவின் அமோனியத் தட்டுகள் தீர்ந்தன. நைட்ரேட் தவிர எதுவும் ஆகும் என்று, ஹைப்போ காப்பி குடிக்கப் போன நேரத்தில் அவன் ஹைப்போசாந்தீன் தட்டு ஒன்றை நைசாகக் கிளப்பித் தன் பூஞ்சையை அதில் இட்டார். பூஞ்சை அசையவில்லை. சந்தேகம் வந்து, அவன் பூஞ்சையில் ஒரு துளியை நைட்ரேட்டில் இட்டார். அதுவும் உண்ணாவிரதம்.

அக்கா கணக்குப் போட்டார். பழுது ஒன்றேயானால் ஒரே மரபணுவுக்கு இரண்டு பட்டம் ஏது? வாயை மூடிக்கொண்டு முந்திக்கொள்ளலாம். ஆனால் அவன் பின்னால் கண்டுபிடித்து எழுதினால், தன்னுடையது அரைகுறை ஆய்வேடு என்று கூடமே சிரிக்கும். எதிர் மேசைக்குப் போய் நின்றார்.

"தம்பி, உன் தட்டு ஒண்ணத் திருடிட்டேன். என் பூஞ்சை அதையும் தொடல. உன்னது நைட்ரேட்டத் தொடல."

"நானும் போன வருஷம் என் பூஞ்சைய உங்க நைட்ரேட் தட்டுல போட்டுப் பாத்தேன்க்கா. வளரல. உங்க கைப்பக்குவம்தான் தெரியுமேன்னு தூக்கிப் போட்டுட்டேன்."

அக்கா பல்லைக் கடித்துக்கொண்டார்.

இரண்டு பூஞ்சைகளையும் ஒன்றாய் இணைத்து நைட்ரேட்டில் வைத்தார்கள். வெவ்வேறு பழுதென்றால் ஒன்றின் குறையை மற்றது ஈடுகட்டி வளர்ந்திருக்கும். வளரவில்லை. ஒரே மரபணு. இரு சத்துகளையும் செரிக்கும் நொதிகள் வேறுவேறானாலும், இரண்டுக்கும் மாலிப்டினம் என்ற உலோகத்தை ஏந்திய ஒரே குட்டித் துணைப்பொருள் வேண்டும். அதைச் செய்வதில்தான் கோளாறு. சிலிண்டர் தீர்ந்தால் இரண்டு பர்னரும் அணைகிற கதை.

பேராசிரியர் நாற்காலியில் நிமிர்ந்து, இந்த இணைப்பு இருவர் ஆய்வையும்விடப் பெரியது என்றார். மரபணு அக்காவுக்கு, துணைப்பொருள் ஹைப்போவுக்கு, கட்டுரை இருவருக்கும் என்று பாகப்பிரிவினையும் செய்துவைத்தார். யார் பெயர் முதலில் என்பது மட்டும் பாக்கி.

"உங்க பேரே முன்னாடி இருக்கட்டும்க்கா," என்றான் ஹைப்போ. "தட்டு ஊத்துற வேலைய மட்டும் எங்கிட்ட விட்டுடுங்க."

அக்கா, தட்டில் காய்ச்சி ஊற்றும் அகார் தூள் டப்பாவை எதிர் மேசைக்கு நகர்த்தினார்.