துக்கம் கேட்கப் போகும் எம்.பி.

"இன்னைக்கு ஆரு?"

டில்லியில் பொழுது விடிந்ததும் ஆத்தாயி எம்.பி. ஊருக்குப் போன் போட்டுக் கேட்கிற முதல் கேள்வி இது. இந்தப் பக்கம் போனை எடுப்பவர் அவருக்குக் கார் ஓட்டும் சரவணமுத்து. தொகுதியில் யார் வீட்டில் சாவு விழுந்திருக்கிறது என்று டீக்கடையிலும் பூமாலைக் கடையிலும் குளிர்பெட்டி வாடகைக்கு விடுகிறவரிடமும் அதற்குள் விசாரித்து வைத்திருப்பார். "குமாரபாளையத்துல ஒண்ணுங்க்கா, வயசாளி. சங்ககிரிகிட்ட ஒண்ணு, அது சின்ன வயசு. வண்டியில அடிபட்டது." வயசாளி என்றால் அந்த வீட்டாரிடம் போனிலேயே பேசிவிடுவார். சின்ன வயசு என்றால் குரல் இறங்கிவிடும். "வெள்ளிக்கிழமை வந்தர்றேன். நேரா அங்கதான் போகோணும், வேற எங்கயும் ஒத்துக்காத."

மற்ற எம்.பி.க்கள் காலையில் எழுந்ததும் என்ன செய்வார்கள் என்று எனக்குத் தெரியாது. யோகா செய்வார்கள், பேப்பர் படிப்பார்கள், கட்சித் தலைவர் வீடு இருக்கும் திசையைப் பார்த்து ஒரு கும்பிடு போடுவார்கள். இந்த அம்மாள் செத்தவர்களை விசாரிக்கிறார். அரசியல்வாதிகளைப் பற்றி எனக்கு நல்ல அபிப்பிராயம் கிடையாது. அந்த அபிப்பிராயத்தை மடியில் கட்டிக்கொண்டுதான், பத்திரிகைக்கு எழுதுவதற்காகப் போன தேர்தலில் இவர் பின்னால் சுற்றினேன். முழுசாகத் திரும்பக் கொண்டுவர முடியவில்லை என்பதை இங்கேயே ஒப்புக்கொள்கிறேன்.

கல்யாணங்களுக்கு ஆத்தாயி அவ்வளவாகப் போவதில்லை. பத்திரிகை வந்தால் வாழ்த்து அனுப்புவதோடு சரி. கேட்டால், "கண்ணாலத்துக்குப் போகலீன்னா பந்தியில ஒரு எலை மிச்சம், அவ்வளவுதானுங். எழவுக்குப் போகலீன்னா சாகற வரைக்கும் சொல்லிக் காட்டுவாங்க. காட்டோணுமில்லீங்களா பின்னே?" என்பார்.

நல்ல உயரம். இளம்பிள்ளைச் சேலை, கொசுவம் சற்றே தூக்கிச் செருகியிருக்கும். வேகமாக நடப்பதால் கூட வருபவர்கள் ஓட்டமும் நடையுமாகத்தான் வருவார்கள். துக்க வீட்டு வாசலில் போட்டோகிராபரை நிறுத்திவிட்டுத் தான் மட்டும் உள்ளே போவார். பெண்களோடு பெண்ணாகப் பாயில் உட்கார்ந்து, செத்தவருக்கு நெருக்கமானவர் கையைப் பிடித்துக்கொள்வார். அழாதே என்று மட்டும் யாரிடமும் சொல்லமாட்டார். "அழுகட்டும் உடுங்க. இப்ப அழுகலீன்னா அப்பறம் எப்ப அழுகறது?" கொஞ்ச நேரம் கழித்து எழுந்து கொல்லைப் பக்கம் போய், குழந்தைகள் சாப்பிட்டார்களா என்று கேட்டு, பக்கத்து வீட்டிலிருந்து சோறு வரவழைத்துவிட்டுத்தான் கிளம்புவார்.

இவர் அரசியலுக்கு வந்த கதையை ஊரில் சிரித்துக்கொண்டே சொல்வார்கள். கணவர் ராசப்பன் ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டிக்காரர். திருச்செங்கோட்டுப் பக்கத்து ரிக் வண்டிகள் சத்தீஸ்கர், மத்தியப் பிரதேசம் என்று போய் வருஷத்தில் முக்கால்வாசி நாள் அங்கேயே போர் போட்டுக்கொண்டிருக்கும். ஆண்கள் அங்கே, ஆபீஸ் இங்கே. ஆபீஸ் என்றால் வீட்டு முன்னறையில் ஒரு மேசை, ஒரு போன், ஆத்தாயி. டீசல் பங்க்காரனிலிருந்து நிலத்துக்காரன் வரை அத்தனை பேரோடும் போனிலேயே கத்திக் கத்தி இந்தி கற்றுக்கொண்டார். அந்த இந்தியோடுதான் டில்லி போனார். ஒருமுறை அங்கே ஓர் அதிகாரி கோப்பை நகர்த்தாமல் இழுத்தடித்தபோது, போரில் ராடு மாட்டிக்கொண்டால் டிரில்லரிடம் எப்படிப் பேசுவாரோ அப்படிப் பேசியிருக்கிறார். பக்கத்து அறையிலிருந்த வடக்கத்தி எம்.பி. ஒருவர் எழுந்து வந்து, "அம்மா, இந்த இந்தி எங்கள் ஊர் லாரிக்காரனுக்குக்கூட வராதே!" என்று கையெடுத்துக் கும்பிட்டாராம். கோப்பும் நகர்ந்துவிட்டது.

ஊராட்சியில் அவருடைய வார்டு பெண்களுக்கு என்று ஒதுக்கப்பட்டபோது ஊர்ப் பெரிய மனிதர்கள் ராசப்பனுக்குப் போன் போட்டு, சம்சாரத்தை நிறுத்தலாமா என்று அனுமதி கேட்டார்கள். அவர் ராய்ப்பூருக்குப் பக்கத்தில் புழுதியில் நின்றுகொண்டு, "என்னைய ஏனுங்க கேக்கறீங்க? எனக்கே அவதானுங்க உத்தரவு போடறா" என்றார். பெயர் மட்டும் இவருடையதாக இருக்கும், காரியமெல்லாம் தாங்கள் பார்த்துக்கொள்ளலாம் என்று பெரிய மனிதர்கள் போட்ட கணக்கு முதல் கூட்டத்திலேயே கலைந்துபோனது. அடுத்த தேர்தலில் ஊராட்சித் தலைவர். சுடுகாட்டுக்குப் பாதையும் கொட்டகையும் குளிக்கத் தண்ணீரும் கொண்டுவந்தார். ஒரு கட்சி அவரைத் தேடி வந்ததே அதற்கப்புறம்தான். ஒன்றியச் சேர்மன் ஆனார். பத்து வருஷம் கழித்து அந்தக் கட்சிக்குள் இரண்டு பெரிய கைகள் எம்.பி. சீட்டுக்கு முட்டிக்கொண்டன. யாருக்கும் வேண்டாம் என்று தலைமை மூன்றாவதாக ஒரு பெயர் கேட்டபோது, இரண்டு பேருமே சொன்ன பெயர் ஆத்தாயி. இரண்டு பேர் வீட்டு எழவுக்கும் இவர் வந்திருந்தார்.

அப்படி ஏணி ஏறியவர், கடைசிப் படியில் கால் வழுக்கியது எங்கே தெரியுமா? ஒரு சாவு வீட்டில்தான்.

பிரசாரம் உச்சத்தில் இருந்த சமயம். எம்.பி. தேர்தலுக்கு ஓட்டுக் கேட்டு வருகிறவர் ஜெயித்தபின் எட்டிப் பார்ப்பதில்லை என்பது எங்கள் சனத்தின் பழைய குறை. அதனால் கட்சிக்காரர்கள் இவருக்கு ஒரு வரி சொல்லிக் கொடுத்திருந்தார்கள். நிற்கிற ஊரிலெல்லாம் கும்பிட்டபடி, "மறந்தராதீங்க சாமி, கண்டிப்பா திரும்பி வாரேனுங்க" என்று முடிக்க வேண்டும். சனம் கைதட்டியது. காலையிலிருந்து இருட்டும் வரை இதையே சொல்லிச் சொல்லி, தூக்கத்தில்கூட வாய் அதை முணுமுணுத்ததாக ராசப்பன் சொன்னார்.

மல்லசமுத்திரத்துக்கு அப்பால் ஒரு தறிக்கார ஊர். வேன் உள்ளே நுழையும்போது ஒரு வீட்டில் சாவு. விசைத்தறிக்காரர் ஒருவர் மாரடைப்பில் போய்விட்டார். ஆத்தாயி மைக்கை அணைக்கச் சொல்லிவிட்டு இறங்கினார். செத்தவர் மனைவி ராஜம்மாள் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டார். ராஜம்மாளின் மகள் நர்மதா தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்திருந்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு அப்பாவின் தலைமாட்டில் இருந்தாள். எல்லாம் எப்போதும்போலத்தான். பிறகு ஆத்தாயி எழுந்தார். வெளியே வேன் ஹாரன் அடித்தது. வாசலில் திரும்பி, இரண்டு கையையும் கூப்பி, தெளிவாக, ஊருக்கே கேட்கும் குரலில் சொன்னார்:

"கண்டிப்பா திரும்பி வாரேனுங்க."

சாவு வீட்டில் யாரும் வா என்று அழைப்பதில்லை, யாரும் வருகிறேன் என்று சொல்லிக்கொண்டும் போவதில்லை. சொன்னால் இன்னொரு சாவுக்கு வருவேன் என்று ஆகிவிடும். மூன்று வயதுக் குழந்தைக்குக்கூட இங்கே இது தெரியும். அழுகை அப்படியே நின்றது. அத்தனை பெண்களின் கண்ணும் நர்மதாவின் வயிற்றுக்குப் போனது. ராஜம்மாள் எழுந்து நின்று, "ஏனுங்க, அடுத்தது ஆரைக் கேக்கறீங்க?" என்றார். ஆத்தாயி கூப்பிய கையை இறக்காமலேயே வேனுக்கு நடந்தார். நீட்டிய மைக்கை வாங்காமல் பின் சீட்டில் போய் உட்கார்ந்துகொண்டார். அன்றைக்கு முதல் தடவையாக அவருக்காக எனக்கு மனசு கஷ்டப்பட்டது.

எதிர்க்கட்சிக்காரர்கள் இதைச் சும்மா விடுவார்களா? பொழுது சாய்வதற்குள் ஊர் ஊராகப் பரவிவிட்டது. ஒன்றியச் செயலாளர் அன்பழகன் ஓடி வந்து, "அக்கா, மன்னிப்புக் கேட்டு ஒரு வீடியோ போட்டர்லாம்" என்றார். ஆத்தாயி அவரை முறைத்த முறைப்பில் அவர் இரண்டடி பின்னால் போனார். "அந்தப் பொம்பளைகிட்டக் கேக்க வேண்டியத ஊருக்குப் படம் காட்டறதா?"

சரி, நேரில் போய்க் கேட்கலாம் என்றால் அதற்கும் வழியில்லை. மறுபடி அந்த வாசலை மிதித்தால், சொன்னபடியே திரும்பி வந்துவிட்டாள் என்று ஆகும். போகவும் முடியாது, போகாமல் இருக்கவும் முடியாது. நாட்டின் சட்டம் இயற்றும் சபைக்குப் போகப் புறப்பட்ட அம்மாள், ஒரு தறிக்காரர் வீட்டு வாசலைத் தாண்ட வழி தெரியாமல் விழித்தார். நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

"ஓட்டுப் போனா போகுதுங். அந்தப் புள்ளைக்கு ஒண்ணுன்னா, அப்பறம் நான் எந்த ஊட்டுக்குங்க போவேன்?"

ஓட்டுப்பதிவு முடிந்து எண்ணுவதற்குப் பல வாரம் இருந்தது. மற்ற வேட்பாளர்கள் கோயில் கோயிலாகப் போனார்கள். இவர் நர்மதாவின் புருஷன் கதிரைப் பிடித்தார். கதிர் தறி மெக்கானிக், சாதுவான பையன். மாமியாருக்குத் தெரியாமல் போனை எடுத்து, "செக்கப் போயிட்டு வந்தமுங்க, நல்லாருக்குதுன்னு சொன்னாங்க" என்று குசுகுசுப்பான். "அத்தை எப்பிடி?" என்று ஆத்தாயி கேட்பார். "உங்க பேரெடுத்தாலே எந்திரிச்சுப் போயிருதுங்க." அந்த வாரங்களிலும் எழவுக்குப் போவதை அவர் நிறுத்தவில்லை. ஆனால் எழுந்து வரும்போது சேலைத் தலைப்பை வாயில் வைத்து அழுத்திக்கொண்டே வருவார். பாவம், இந்தம்மாவுக்கு எவ்வளவு துக்கம் என்று சனம் பேசிக்கொண்டது.

ஓட்டு எண்ணுகிற நாள். ஒரு கல்லூரியில் எண்ணிக்கை. உள்ளே செல்போன் கொண்டுபோக விடமாட்டார்கள் என்பதால் வேட்பாளர் உள்ளேயே போகவில்லை. வெளியே வேப்பமரத்தடியில் காருக்குள் உட்கார்ந்துவிட்டார். நான் முன் சீட்டில். காலையிலேயே கதிர் கூப்பிட்டிருந்தான்: வலி வந்துவிட்டது, ஆஸ்பத்திரியில் உள்ளே அழைத்துப் போயிருக்கிறார்கள்.

அன்பழகன் வேர்த்து விறுவிறுத்து ஓடி வந்தார். "அக்கா! எட்டாயிரம் முன்னால!"

"இன்னும் ஒண்ணும் தெரீலியாமா?"

"தெரிஞ்சுருச்சுங்க்கா, எட்டாயிரம்!"

"அட, நீ போ அக்கட்டால."

அடுத்த சுற்று வந்தது. அதற்கடுத்ததும் வந்தது. வித்தியாசம் ஏறிக்கொண்டே போனது. தறிக்கார ஊர்ப் பெட்டியில் மட்டும் இவருக்கு விழுந்தது குறைச்சல். அன்பழகன் ஒவ்வொரு முறையும் ஓடி வந்து கண்ணாடியைத் தட்டுவார். இந்த அம்மாள் போனையே பார்த்துக்கொண்டு, கையாலேயே அவரைத் திருப்பி அனுப்புவார். தோற்கப்போகிற எதிர் வேட்பாளர்கூட அன்றைக்கு இவ்வளவு பயந்திருக்கமாட்டார்.

போன் அடித்தது. ஸ்பீக்கரில் கதிர் அழுதுகொண்டே சிரித்தான். "பொண்ணுங்க! ரெண்டு பேரும் நல்லாருக்கறாங்க!"

ஆத்தாயி முன் சீட்டுத் தலைப்பாகத்தில் நெற்றியை முட்டிக்கொண்டு, ஓவென்று அழுதார். நானும் கண்ணைத் துடைத்துக்கொண்டேன், மறைப்பானேன்? காருக்குள் அவர் அழுவதைப் பார்த்த கூட்டம், ஜெயித்த சந்தோஷம் என்று எடுத்துக்கொண்டது. யாரோ சரவெடியைப் பற்றவைத்தார். அன்பழகன் ஆடத் தொடங்கினார்.

சாயங்காலம் வெற்றிச் சான்றிதழை வாங்கிய கையோடு ஆஸ்பத்திரிக்கு வண்டியை விடச் சொன்னார். மாலைகளை எல்லாம் காரிலேயே கழற்றிப் போட்டார். சரவணமுத்து தயங்கியபோது, "அது ஆசுபத்திரிதானே, அந்த ஊடு இல்லீல்ல?" என்று சட்ட நுணுக்கம் பேசினார். ஆனால் பிரசவ வார்டுக்குப் போகும் தாழ்வாரத்தின் கடைசியில் அந்தத் தைரியம் தீர்ந்துவிட்டது. தூணை ஒட்டி நின்றுகொண்டார். நானும் சரவணமுத்துவும் பின்னால்.

ராஜம்மாள் கையில் ஒரு சின்னக் கிண்ணத்தோடு வெளியே வந்தார். பார்த்தார்.

"ஓட்டு நாங்க உங்களுக்குப் போடலீங்க" என்றார் ராஜம்மாள்.

"தெரியுஞ் சாமி."

"நெதமும் உங்களத் திட்டி வஞ்சனுங்க. தூங்காம வஞ்சன்."

"வையோணும். நான் பண்ணுனதுக்கு வையோணும்."

"மாப்ள இப்பத்தான் சொன்னாரு. நீங்க நெதமும் கூப்புட்டுக் கேட்டீங்களாமா." ராஜம்மாள் மூக்கை உறிஞ்சினார். பிறகு ஆத்தாயியின் மணிக்கட்டைப் பிடித்து, சந்தையில் குழந்தையை இழுத்துப் போவதுபோல வார்டுக்குள் இழுத்துக்கொண்டு போனார்.

உள்ளே கதிரின் பெரியம்மா தயாராக நின்றிருந்தார். பிறந்த குழந்தைக்குச் சேனை வைக்க வந்தவர். சர்க்கரைத் தண்ணீரை முதன்முதலில் யார் நாக்கில் தொட்டு வைக்கிறார்களோ அவர்களுடைய குணமும் பேச்சும் குழந்தைக்கு வரும் என்பதால், எங்கள் பக்கத்தில் அதற்கு ஆளைப் பார்த்துப் பார்த்துத்தான் தேர்ந்தெடுப்பார்கள். தாய்ப்பால் தவிர ஒன்றும் கொடுக்கக் கூடாது, வேண்டுமானால் உதட்டில் தொட்டு எடுத்துக்கொள்ளுங்கள் என்று நர்ஸ் கண்டித்துவிட்டுப் போயிருந்தார். ராஜம்மாள் பெரியம்மாவைத் தாண்டி வந்து, கிண்ணத்தை ஆத்தாயியிடம் நீட்டினார்.

"வேண்டாஞ் சாமி. என்ற வாயி இந்தப் புள்ளைக்கு வந்தரக் கூடாது..."

ராஜம்மாள் கிண்ணத்தைப் பின்னால் இழுக்கவில்லை. கட்டிலிலிருந்த நர்மதா துணியை விலக்கிக் குழந்தையின் முகத்தை இந்தப் பக்கம் திருப்பினாள்.

ஆத்தாயி குழாயடிக்குப் போனார். சோப்புப் போட்டு முழங்கை வரை கழுவினார். சேலையில் துடைக்காமல், ஈரம் தானாகக் காயட்டும் என்று கையை முன்னால் நீட்டிக்கொண்டே கட்டிலுக்கு வந்து நின்றார். பிறகு சுண்டுவிரலைக் கிண்ணத்தில் தொட்டு, குழந்தையின் உதட்டில் வைத்தார்.