சாதத்தோடு ஒரு கார்டு

என் அக்கா ஈவ்லினின் கணவர் ஹென்றிக்கு, கூட்டம் என்றால் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான்: பரிமாறுவது. எங்கள் பங்குக் கோயில் திருவிழாவில் பிரியாணிக் கரண்டியை அவர் கையிலிருந்து யாரும் வாங்கிவிட முடியாது.

தொண்ணூற்றாறில் அவர் வேலை பார்த்த கம்பெனியை மூடிவிட்டார்கள். ஆபீஸ்களுக்கு இன்டர்காம் வைத்துக் கொடுக்கும் தொழிலைத் தொடங்கினார். வேலை சுத்தம். ஆனால் நாலு பேரிடம் போய் 'நான் இன்னார்' என்று சொல்ல வாய் வராது. ஆர்டரும் வரவில்லை. மஸ்கட்டில் இருந்த அவருடைய சித்தப்பா அங்கே ஒரு வேலை பார்த்து வைத்து, ஈஸ்டருக்குள் பதில் கேட்டிருந்தார். அத்தானுக்குப் போக மனமில்லை. அவர் பாஸ்போர்ட் இருந்த பீரோவைத் திறக்கும்போதெல்லாம் அக்காவின் முகம் வாடிப்போகும். எனக்கு அதைப் பார்க்கப் பொறுக்கவில்லை.

நான் இன்சூரன்ஸ் ஏஜென்ட். எந்த விழாவுக்குப் போனாலும் பத்துப் பேருடன் கை குலுக்காமல் திரும்ப மாட்டேன். ஆழ்வார்பேட்டை ஓட்டல் ஒன்றில் தொழில் செய்பவர்கள் மாதாமாதம் கூடுவார்கள். அங்கே அத்தானை இழுத்துக்கொண்டு போனேன். பஸ்ஸிலேயே பாடம் நடத்தினேன்.

"யார்கிட்ட பேசினாலும் கார்டைக் கொடுத்துடணும் அத்தான். மூலையில போய் நிக்கக் கூடாது. புரியுதா?"

"சரி ஃபிரெடி," என்றார். வெள்ளைச் சட்டை, கறுப்பு பேண்ட். அதைப் பார்த்தாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

பேச்சுகள் முடிந்து சாப்பாட்டு வரிசை நின்றது. சாம்பார் சாதம் போட்டுக்கொண்டிருந்த ஓட்டல்காரர் எதையோ எடுக்க உள்ளே போனார். போனவர் போனவர்தான். நான் ஒரு பேங்க் மேனேஜரிடம் சிரித்துப் பேசிவிட்டுத் திரும்பினால், மேஜைக்கு அந்தப் பக்கம் அத்தான் கரண்டியும் கையுமாக நிற்கிறார்!

"போதுமா சார்? இன்னும் கொஞ்சம் போடவா?"

ஒவ்வொரு தட்டிலும் சாதம், பக்கத்தில் ஒரு கார்டு. யாரிடம் பேசினாலும் கொடுக்கச் சொன்னது நான்தானே!

எனக்கு மானம் போயிற்று. வீடு வரைக்கும் திட்டித் தீர்த்தேன். "உங்களை சர்வர்னு நெனச்சுட்டாங்க அத்தான்!"

"பசியோட நின்னுக்கினு இருந்தாங்கப்பா," என்றார். வீட்டுக்குள் நுழைந்ததும் பாஸ்போர்ட்டை எடுத்து மேஜைமேல் வைத்தார். அக்கா அழுதுவிட்டாள்.

மறு வாரம் போன் வந்தது. எதிர்முனைக் குரல் கூடம் முழுக்கக் கேட்டது. தி.நகரில் ஆடிட்டராக இருக்கும் ஹம்சா என்ற அம்மாள்.

"அன்னிக்குப் பாத்துப் பாத்துப் பரிமாறினேளே! நாங்க புது ஆபீஸ் திறக்கறோம். சாப்பாட்டை நீங்களே எடுத்துண்டு பண்ணிக் கொடுங்கோ."

சரி என்று சொல்லும்படி நான் கையை ஆட்டினேன். வருகிற வேலையை விடுவார்களா?

"நான் கேட்டரிங் இல்லம்மா," என்றார் அத்தான். "இன்டர்காம் வைக்கிறவன். கார்டுல போட்டிருக்கேன்."

"ஐயையோ, கண்ணாடி போட்டுக்காம நம்பரை மட்டும் பாத்துண்டு டயல் பண்ணிட்டேன். தப்பா எடுத்துக்காதேள். அப்புறம் எதுக்கு எனக்குப் பரிமாறினேள்?"

"உங்க தட்டு காலியா இருந்துச்சும்மா."

அந்த அம்மாள் சிரித்துவிட்டார். "எங்களுக்கு இன்டர்காமும் வேணுமே. நாளைக்கு வந்து பாருங்கோ."

போனை வைத்ததும், மஸ்கட்டுக்குப் போகப்போவதில்லை என்றார் அத்தான். ஒரே ஒரு ஆர்டரை நம்பி மஸ்கட்டை விடுவது பைத்தியக்காரத்தனம் என்று நான் கத்தினேன்.

"போதும் ஃபிரெடி, வாயை மூடு," என்றாள் அக்கா. பாஸ்போர்ட்டைப் பீரோவில் வைத்துப் பூட்டினாள்.

ஆபீஸ் திறப்பு விழாவுக்கு என்னையும் அழைத்திருந்தார்கள். டை கட்டிக்கொண்டு போனேன். "சாம்பார் சாதம் போட்டவர்தானே?" என்று ஆளாளுக்கு அத்தானைத் தேடி வந்து பேசினார்கள். இரண்டு பேர் தங்கள் ஆபீசுக்கும் வரச் சொன்னார்கள். நான் ஜூஸ் டம்ளரும் கையுமாக மூலையில் நின்றேன். ஒருவரும் என் பக்கம் வரவில்லை.

பந்தி போட்டதும் அத்தானைக் காணோம். நினைத்தபடியே சாம்பார் வாளியோடு வந்தார். என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவரிடம் குனிந்து, "இன்னும் கொஞ்சம் ஊத்தவா சார்?" என்றார். பிறகு சட்டைப் பையிலிருந்து ஒரு கார்டை எடுத்து இலையோரம் வைத்துவிட்டு நகர்ந்தார்.

எட்டிப் பார்த்தேன். அதில் என் பெயர் இருந்தது.