ஏலாதவள்

லண்டன் குட்மேய்ஸில் பலசரக்குக் கடை நடத்தும் தவநாயகிக்கு ஐம்பத்தாறு வயது. விடியப் பத்திரிகைக் கட்டுகளைப் பிரிப்பதும் இரவில் ஷட்டரை இழுத்துப் பூட்டுவதும் அவள்தான். அரிசி மூட்டைகளை வான் வண்டியிலிருந்து இறக்கித் தோளில் வைத்துப் பின்னறைக்குக் கொண்டுபோவாள். மற்ற நாட்களில் கணவர் கனகலிங்கம் கூட நிற்பார். ஞாயிறென்றால் அவர் நடைக்குப் போய்விடுவார்.

பிறஷருக்கு நடக்கச் சொல்லி டொக்டர் சொன்னதில் தொடங்கியது அது. தமிழர்கள் சிலர் சேர்ந்து ஒரு நடைக்குழு வைத்திருந்தார்கள். கென்ட், சறே பக்கத்துக் குன்றுகளில் ஏறுவார்கள். கோடையில் ஒருநாள் ஃபெரிக் கப்பலில் வைட் தீவுக்குப் போவார்கள். முதல் வருடம் அவள், தானும் வரட்டுமா என்று கேட்டாள். "அது ஆம்பிளையளின்ர கூட்டம். நீ வந்து என்ன செய்யப் போறாய்?" என்றார். அவள் பிறகு கேட்கவில்லை. ஞாயிறு விடிய எழும்பி, எல்லாருக்கும் போதும்படி கட்லட் பொரித்து டப்பாவில் போட்டுக் கொடுத்துவிட்டுக் கடையைத் திறப்பாள். பத்துப் பன்னிரண்டு வருடம் இப்படியே போனது.

போன கார்த்திகையில் கனகலிங்கம் மாரடைப்பில் இறந்துபோனார். கோடை வந்ததும் குழுவை நடத்தும் பரமேஸ்வரன் போன் எடுத்தார். அண்ணையின் நினைவாக இந்த முறை தீவில் அவருக்குப் பிடித்த குன்றில் ஏறப் போவதாகவும், அவளும் வரவேண்டும் என்றும் சொன்னார். கஷ்டமாக இருந்தால் மினிபஸ்ஸிலேயே இருக்கலாம் என்றும் சேர்த்துக்கொண்டார். வயதுக்குக் கொடுக்கும் மரியாதை என்று அவள் நினைத்தாள். அந்த ஒரு ஞாயிறு கடையைப் பூட்டினாள்.

இல்ஃபர்டில் மினிபஸ்ஸில் ஏறியபோது உள்ளே பாதிப்பேர் பெண்கள். கணவன்மாருக்கு அருகே உட்கார்ந்து பிளாஸ்கில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். பரமேஸ்வரனின் மனைவி கனகவல்லி எழும்பி அவளுக்கு முன் சீற்றைக் கொடுத்தாள். எவ்வளவு காலமாக வருகிறீர்கள் என்று தவநாயகி கேட்டாள். தொடக்கத்திலிருந்தே என்றாள் கனகவல்லி. தவநாயகி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். போர்ட்ஸ்மவுத் துறைமுகம் வரும்வரை றோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஃபெரியில் வாகனத் தட்டிலிருந்து மேலே போகும் படிகளில் கனகவல்லி அவளுடைய முழங்கையைப் பிடித்து ஏற்றினாள். மேல்தட்டில் ஒருவர் ஓடிப்போய் அவளுக்குக் கதிரை பிடித்து வைத்தார். இன்னொருவர் அவளுடைய பையை வாங்கிக்கொண்டார். காற்றுப் படவேண்டாம் என்று யாரோ சால்வை நீட்டினார்கள். புருஷனை இழந்தவள் என்ற இரக்கமாக்கும் என்று நினைத்துச் சால்வையைப் போர்த்திக்கொண்டாள்.

தீவின் வென்ட்னர் ஊரில் வீடுகளுக்குப் பின்னாலேயே குன்று சுவர்போல எழுந்து நின்றது. எல்லாரும் சப்பாத்துக் கயிற்றை இறுக்கிக் கட்டினார்கள். பரமேஸ்வரன் அவளிடம் வந்து, மறுபக்கத்தால் உச்சிவரை றோட்டு இருக்கிறது, மினிபஸ் அவளை அங்கே கொண்டுபோய் விடும், மடக்குக் கதிரையும் கொண்டு வந்திருக்கிறோம் என்றார்.

நடந்தே வருகிறேன் என்றாள் தவநாயகி.

"அந்தக் காலோட எப்பிடி அக்கா ஏறுவியள்?" என்று கேட்டாள் கனகவல்லி.

"எந்தக் காலோட?"

கனகவல்லி கணவனைப் பார்த்தாள். அவர் நிலத்தைப் பார்த்தார். பிறகு அவர்தான் மெல்லச் சொன்னார். அண்ணைக்கு வீட்டில் நோயாளி மனைவி, இடுப்பு நாரி விழுந்து கால் இழுத்துப்போய் வீட்டுப்படி இறங்கவும் ஏலாதவள் என்றுதான் அவர்கள் இவ்வளவு காலமும் நம்பியிருந்தார்கள். செத்தவீட்டில் அவள் கதிரையை விட்டு எழும்பாமல் இருந்ததும் அதனால்தான் என்று நினைத்தார்களாம். ஞாயிற்றுக்கிழமை ஒன்றுதான் தனக்கு மூச்சுவிட நேரம் என்று அவர் சொல்லுவாராம். கேட்டுக் கண் கலங்காதவர்கள் குழுவில் இல்லை. அந்த நோயோடும் எழும்பிக் கட்லட் பொரித்து அனுப்புகிறாளே என்று பெண்கள் தங்களுக்குள் பேசிக்கொள்வார்களாம்.

தவநாயகி ஏறத் தொடங்கினாள். சரிவு செங்குத்தாக இருந்தது, புல் வழுக்கியது. பற்றைகளுக்கிடையில் நின்ற காட்டு ஆடுகள் அவளைப் பார்த்துவிட்டு விலகின. அவள் எங்கேயும் நிற்கவில்லை. பின்னால் மற்றவர்கள் மூச்சு வாங்கி நின்று நின்று வருவது கேட்டது. உச்சியில் கம்பிவேலியும் தொலைத்தொடர்புக் கோபுரங்களும் இருந்தன. கீழே ஊரின் கூரைகள், அதற்கப்பால் கடல். இவ்வளவு அழகான இடம் என்று அவர் ஒருநாளும் அவளிடம் சொன்னதில்லை. வெறும் புல்லும் காற்றும்தான் என்றே சொல்லியிருந்தார்.

எல்லாரும் வந்து சேர்ந்ததும் ஒவ்வொருவராக அவரைப் பற்றிப் பேசினார்கள். பொறுமைசாலி என்றார் ஒருவர். வீட்டில் அவ்வளவு கஷ்டத்தை வைத்துக்கொண்டும் சிரித்த முகமாக இருந்தவர் என்று தொடங்கிய இன்னொருவர் பாதியில் நிறுத்திக்கொண்டார். கடைசியில், அக்காவும் ஏதாவது சொல்லுங்கோ என்றார் பரமேஸ்வரன்.

"எனக்கு ஒரு நோய் வருத்தமும் இருந்ததில்லை," என்றாள் தவநாயகி. "தடிமன் காய்ச்சலுக்குக்கூட நான் கடையைப் பூட்டினதில்லை. அவர் உங்களோட மலையேறின நேரமெல்லாம் நான் கடையில நிண்டனான்."

ஒருவர் சாப்பாட்டுப் பெட்டிகளைத் திறந்தார். அவளுக்குத்தான் முதலில் கொடுத்தார்கள். அவள் வாங்கிச் சாப்பிட்டாள். ஏறிய பசி இருந்தது.

மறுநாள் மகள் மேனுஷாவுக்குப் போனில் எல்லாவற்றையும் சொன்னாள். மேனுஷாவோ தன்னிடம் அப்பா வேறு மாதிரிச் சொன்னதாகச் சொன்னாள். அம்மாவுக்கு நடப்பதென்றாலே பிடிக்காது, எத்தனை தரம் கூப்பிட்டும் வரமாட்டாள் என்று சொல்லியிருந்தாராம்.

"அப்பாவுக்குக் கொஞ்சம் ஸ்பேஸ் தேவைப்பட்டிருக்கும் அம்மா."

"ஓம். அதை என்னட்டைக் கேட்டிருக்கலாம். நான் குடுத்திருப்பன். என்னை ஏன் முடமாக்கினவர்?"

அதற்குப் பதில் சொல்லக்கூடியவர் போய்விட்டார். அவர் உயிரோடு இருந்தால் தவநாயகி கத்தியிருப்பாள், அவரோடு பேசாமல் விட்டிருப்பாள், ஏதாவது செய்திருப்பாள். படத்தில் மாலையோடு இருக்கும் மனிதரோடு எப்படிச் சண்டை பிடிப்பது?

ஆண்டுத் திவசத்தைக் கோயிலோடு முடித்துக்கொண்டாள். நடைக்குழுவில் ஒருவரையும் கூப்பிடவில்லை. பரமேஸ்வரன் மனம் நொந்து போன் எடுத்தார். இனி ஒவ்வொரு ஞாயிறும் தங்களோடு நடக்க வரும்படியும் கேட்டார். அவர்கள் முகத்தில் இனி எப்போதும் அந்தப் பழைய இரக்கமோ புதிய கூச்சமோ இருக்கும் என்பது அவளுக்குத் தெரிந்தது. குறை நினைக்கவேண்டாம், ஞாயிறு கடையில் ஆளில்லை என்று சொல்லிப் போனை வைத்தாள்.