மாப்பிள்ளை படித்த ஜப்பான் வணக்கம்

எழுத்துக் கூட்டித்தான் எழுதுகிறேன். ஆனால் பொய் எழுதவில்லை.

ஜப்பான் குண்டு போடுமென்ற யுத்த பயத்தில் சென்னைப் பட்டணத்துக்காரர்கள் பெங்களூருக்கு ஓடிவந்த சமயம். அல்சூரில் எங்களோடு இருந்த மாப்பிள்ளை, ரங்கூனிலிருந்து வந்த ஒருவரிடம் ஜப்பான் பாஷை படிக்கக் கிளம்பினார். ஜப்பான்காரன் வந்ததும் முதலில் வணங்குகிறவன் பிழைத்துக்கொள்வானாம். காலையில் எழுந்தால் ‘ஒஹாயோ கொசாய்மஸ்’, காப்பி கொடுத்தால் ‘அரிகாத்தோ’. தொடையில் கை வைத்து என் மகளுக்கே ஒரு குனிதல் வேறு! மாமியார் மாப்பிள்ளையோடு நேரே பேசுவது எங்களில் வழக்கமில்லை. கதவுக்குப் பின்னால் நின்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

ஒருநாள் காலை, முந்தின ராத்திரி இருட்டடிப்பு நேரத்தில் எங்கள் ஜன்னல் வெளிச்சம் தெருவில் தெரிந்ததென்று கண்டிக்க ஒரு வெள்ளைக்கார சார்ஜெண்ட் வந்தான். கதவைத் திறந்த மாப்பிள்ளை, பழக்கதோஷத்தில் குனிந்து ‘ஒஹாயோ கொசாய்மஸ்’ என்றார். வந்தவனோ சிங்கப்பூரில் ஜப்பானியரிடமிருந்து தப்பி வந்தவனாம். ஒற்றன் என்று சட்டையைப் பிடித்துப் போலீஸ் ஸ்டேஷனுக்கு இழுத்துப் போனான். மகள் அழுதாள்.

நானே போனேன். இன்ஸ்பெக்டர் தமிழர்.

“ஒற்றனா இவரு? காய் வாங்க அனுப்பினா பையைக் கடையிலேயே விட்டுட்டு வர்றவருங்க! இவரை நம்பி எந்த ராஜா வேலை குடுப்பான்?” என்றேன்.

இன்ஸ்பெக்டர் சிரித்துவிட்டார். “கூட்டிட்டுப் போங்கம்மா. இவரு நாக்கைக் கொஞ்சம் கட்டி வைங்க.”

அன்றிலிருந்து நான் கதவுக்குப் பின்னால் நிற்பதில்லை. தோன்றியதை மாப்பிள்ளையின் முகத்துக்கு நேரே சொல்லிவிடுகிறேன். “சரிங்க அத்தை” என்கிறார், தமிழில்.